வாளியில் நிமிர்ந்து நிற்கிறது, காயலில் சாய்கிறது: கையால் செய்த மர லூருக்கு என்ன நோய்?

#1 புன்னைக்காயல்_காற்று

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே ஓசையில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன். இப்போது வாயைத் திறக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

தாமிரபரணி கடலில் விழும் இடத்தில், புன்னைக்காயல் பக்கம், கொடுவா மீனுக்காக மர லூர் (மீன் வடிவச் செயற்கை இரை) செய்து பார்க்கிறேன். வீட்டில் பழைய தேக்கு ஜன்னல் சட்டம் ஒன்று கிடந்தது. அதை அறுத்து 11 செ.மீ. நீளம், 26 மி.மீ. உயரம், 18 மி.மீ. தடிமன் என்று மத்தி மீன் வடிவில் செதுக்கினேன். வயிற்றில் துளை போட்டு 2 கிராம் ஈயம் வைத்தேன். மூக்கு, வயிறு, வால் மூன்றிலும் திருகு வளையம். லூரைத் தண்ணீருக்குள் இறக்கி ஆட்டும் உதட்டுத் தகடு பழைய சிடியில் வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டியது. வண்ணம் அடித்து, மேலே இரண்டு பூச்சு எபாக்ஸிப் பிசின். இரண்டு மும்முள் தூண்டில்களையும் மாட்டி நகைத் தராசில் வைத்தால் 28.5 கிராம்.

வாளியில் போட்டால் முதுகு மட்டும் தெரிய, நிமிர்ந்து மிதக்கிறது. காயலில் முதல் பதினைந்து வீச்சுக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டு அழகாக வருகிறது. அரை மணி நேரம் ஆனதும் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்கிறது. ரீலை வேகமாகச் சுற்றினால் மல்லாந்து மேலே வந்துவிடுகிறது. மூக்கு வளையத்தை இடமும் வலமும் வளைத்துப் பார்த்தேன், பயனில்லை. இப்படி இரண்டு செய்துவிட்டேன். இரண்டிலும் இதே கதை. மூன்றாவதற்குக் கட்டையை வெட்டும் முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

#2 சோம்பேறி_மீனவன்

கடையில் இருநூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக்கில் தொங்குகிறதே, அதற்காக ஜன்னலையா அறுப்பார்கள்? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?

#3 புன்னைக்காயல்_காற்று

ஜன்னல் ஏற்கெனவே கழற்றிப் போட்டதுதான் அண்ணா. இருநூறு ரூபாய் லூரும் வாங்கிப் பார்த்தேன். ஒரு கொடுவா ஒரே உதறலில் வயிற்று வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பிறகுதான் உளியை எடுத்தேன்.

#4 கணக்குவாத்தியார்

தம்பி, முதலில் எண்களைப் பார்ப்போம். நீங்கள் சொன்ன அளவுக்கு உடலின் கனஅளவு ஏறத்தாழ 30 க.செ.மீ. வரும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு டம்ளரைத் தட்டில் வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, லூரை ஊசிமுனையால் அழுத்தி முழுக முழுகத் தள்ளுங்கள். வழிந்த தண்ணீரை நிறுத்தால் கிராம் கணக்கே கன சென்டிமீட்டர் கணக்கு.

நல்ல தண்ணீரில் 30 க.செ.மீ. உடலை 30 கிராம் வரை தண்ணீர் தாங்கும். உங்கள் தேக்கை 0.6 அடர்த்தி என்று வைத்தால் மரம் மட்டும் 18 கிராம். தூண்டில்களும் வளையங்களும் 5, தகடும் திருகுகளும் 2, வண்ணமும் எபாக்ஸியும் 1.5. ஆக 26.5. ஈயத்துக்கு மிஞ்சிய இடம் 3.5 கிராம்தான். அதில் 2 கிராம் வைத்துவிட்டீர்கள்.

நோய் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மரம் கனமாக இருந்தால் அந்தக் கனம் உடல் முழுவதும் பரவி நிற்கும். முதுகிலும் கனம், வயிற்றிலும் கனம். ஈர்ப்பு மையம் நடுவிலேயே தங்கிவிடும். மரம் லேசாக இருந்து, மிஞ்சிய எடையை ஈயமாக அடிவயிற்றில் வைத்தால் மையம் கீழே இறங்கும். தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை? அதே காரணம். 0.3 அடர்த்தியுள்ள மரத்தில் இதே லூரைச் செய்திருந்தால் மரம் 9 கிராம், ஈயம் 11 கிராம் என்று ஆகியிருக்கும். மொத்த எடை அதே 28.5. ஆனால் கவிழ்க்கவே முடியாது.

இன்னொன்று. கடல்நீரின் அடர்த்தி 1.025. அதே உடலுக்கு 0.75 கிராம் கூடுதல் தாங்கல். சித்திரையில் உங்கள் முகத்துவாரத்தில் மிதக்கும் லூர், ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றுநீர் இறங்கும்போது கொஞ்சம் தாழ்ந்துதான் மிதக்கும். வாளித் தண்ணீரில் பார்த்த சோதனை காயலுக்குப் பொருந்தாமல் போக இதுவும் ஒரு காரணம்.

#5 பனிக்காலத் தூண்டில்

டொரொண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற மீனுக்காக 20, 25 செ.மீ. மர லூர் செய்பவன். வாத்தியார் கணக்கு சரி. ஆனால் உப்புநீர் வாதம் தலைகீழாக இருக்கிறது: உப்புநீரில் லூர் இன்னும் உயரமாகத்தான் மிதக்கும், சாயாது.

எனக்குத் தகட்டின் மீதுதான் சந்தேகம். வேகமாக இழுத்தால் மல்லாந்து மேலே வருவது, உடல் தாங்குவதைவிடத் தகடு பெரிது என்பதற்கான அடையாளம். தகட்டை உடலின் நேர்கோட்டோடு எவ்வளவு படுக்கவைக்கிறோமோ அவ்வளவு ஆழம் போகும். செங்குத்தாக நிறுத்தினால் மேலேயே ஓடும், ஆட்டம் அகலமாக இருக்கும். எப்படி வைத்தாலும் அகலம் மிஞ்சினால் கவிழும். அரத்தால் இரண்டு பக்கமும் அரை அரை மில்லிமீட்டராக ராவி, ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். ஒரே பக்கம் ராவிவிடாதீர்கள். அப்புறம் வட்டம் அடிக்கும்.

வளையத்தை வளைப்பதிலும் ஒரு முறை உண்டு. லூர் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக முடியளவு வளைக்க வேண்டும். குறட்டால் திருகக் கூடாது.

#6 புன்னைக்காயல்_காற்று

அண்ணா, சொன்னபடி ராவினேன். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போய்விட்டது. ஆட்டம் சிறுத்தது. முதல் அரை மணி நேரம் இன்னும் அழகு. பிறகு அதே சாய்வு.

வாத்தியார் ஐயா, டம்ளர் சோதனையில் 30.4 வந்தது. ஊசி குத்திய ஓட்டையை அடைத்துவிட்டேன்.

#7 வாவிக்கரை

மட்டக்களப்பிலிருந்து. நான் எங்கள் வாவியில் கொடுவாவுக்கு மரத்தில்தான் செய்து பாவிக்கிறேன். எல்லோரும் மருந்து சொல்லிவிட்டீர்கள், நோயாளியிடம் ஒருவரும் கேட்கவில்லையே. தம்பி, மூன்று கேள்விகள்.

எந்தப் பக்கம் சாய்கிறது? எப்போதும் அதே பக்கம்தானா? அன்று சாய்ந்த லூரை அடுத்த கிழமை கொண்டுபோனால், முதல் வீச்சிலேயே சாய்கிறதா, அல்லது மறுபடியும் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுச் சாய்கிறதா?

#8 புன்னைக்காயல்_காற்று

முதல் லூர் எப்போதும் இடப்பக்கம். இரண்டாவது எப்போதும் வலப்பக்கம். மாற்றிச் சாய்ந்ததே இல்லை.

மூன்றாவது கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. ஆமாம், அடுத்த ஞாயிறு கொண்டுபோனால் மறுபடியும் முதலில் நன்றாகத்தான் ஓடுகிறது.

#9 வாவிக்கரை

அப்படியென்றால் தண்ணீர் குடிக்கிறது. ஒரு பக்கத்தால் மட்டும் குடிக்கிறது. கிழமை முழுக்க வெயிலில் கிடந்து காய்ந்ததும் தெளிந்துவிடுகிறது. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்பதை மரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#10 உளியும்_தூண்டிலும்

நான் ஆரல்வாய்மொழி. தச்சு வேலை. இரண்டு நாள் வேலை நெருக்கடியில் இந்தப் பக்கம் வரவில்லை, வந்து பார்த்தால் ஈயம், தகடு, உப்பு என்று ஊரே கூடி நிற்கிறது.

தம்பி, வண்ணம் அடிக்கும் முன் கட்டையின் நிறம் எப்படி இருந்தது? ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் பழுப்பு இருந்ததா? ஜன்னல் சட்டத்தில் ஓரக்கட்டை நிறைய வரும். நல்ல ஆசாரி அதை ஒதுக்குவார். விலை குறைத்துக் கேட்டால் ஒதுக்க மாட்டார். தேக்கில் உள்ளே இருப்பது வைரம், எண்ணெய்ப் பசை உள்ளது. தண்ணீரை லேசில் ஏற்காது. வெளியே இருப்பது வெளிறு. அது தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். உங்கள் லூரில் பாதி வைரம், பாதி வெளிறு என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு கேள்வி. தகட்டுக்கான வெட்டைப் போட்டது வண்ணத்துக்கு முன்பா, பின்பா? திருகு வளையங்களை மாட்டியது எபாக்ஸிக்கு முன்பா, பின்பா?

#11 புன்னைக்காயல்_காற்று

இரண்டும் பின்புதான். வெட்டில் வண்ணம் ஏறிவிடும் என்று கடைசியில் வெட்டினேன்.

நிறம் நினைவில்லை.

#12 உளியும்_தூண்டிலும்

வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு வாசலுக்குக் கதவு வைக்கவில்லை. மேலே இரண்டு பூச்சு எபாக்ஸி இருந்து என்ன பயன்? தகட்டு வெட்டின் உள்ளே பச்சை மரம். திருகு ஒவ்வொன்றும் நாரை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. மூன்று குழாய் திறந்திருக்கிறது.

ஒன்றைப் பலி கொடுங்கள். முதலில் நிறுங்கள். தூண்டிலோடு அரை மணி நேரம் தொட்டியில் முக்கி வையுங்கள். துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். பிறகு குறுக்கே அறுத்துப் பாருங்கள்.

#13 கணக்குவாத்தியார்

வைரத்துக்கும் வெளிறுக்கும் அடர்த்தியில் அப்படி என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும்? லூர் உலர்ந்திருக்கும்போது நேராகத்தானே நிற்கிறது.

#14 உளியும்_தூண்டிலும்

வாத்தியாரே, எடையை நான் எங்கே சொன்னேன்? குடிப்பதைச் சொன்னேன்.

#15 சோம்பேறி_மீனவன்

ஜன்னல் போய், இப்போது லூரையும் அறுக்கப் போகிறார்கள். தொடர்ந்து வாசிக்கிறேன்.

#16 புன்னைக்காயல்_காற்று

அறுத்துவிட்டேன்.

எடை 28.5. முப்பது நிமிடம் தொட்டியில் வைத்து, துடைத்து, வளையங்களில் தங்கிய தண்ணீரையும் ஊதி வெளியேற்றிவிட்டு நிறுத்தேன்: 29.2. முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எபாக்ஸி கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது.

தகட்டு வெட்டுக்கு ஒரு விரல் பின்னால் ரம்பம் வைத்தேன். உளி அண்ணா சொன்னது எழுத்துக்கு எழுத்து. நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் பழுப்பு, இடப்பக்கம் வெண்ணெய் நிறம். இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் போட்ட மாதிரி ஒரு கோடு. வெண்ணெய்ப் பக்கம் தகட்டு வெட்டிலிருந்து நனைந்து கருத்து, வயிற்றுத் திருகு வரை ஒரு நாக்கு மாதிரி நீண்டிருக்கிறது. விரல் வைத்தால் சில்லென்று இருக்கிறது. பழுப்புப் பக்கம் வெட்டின் ஓரத்தில் மட்டும் கீற்றளவு ஈரம். திருகைக் கழற்றினால் நுனியில் துருவின் சாயல்கூட இருந்தது.

இது இடப்பக்கம் சாய்ந்த லூர். வெளிறும் இடப்பக்கம்.

#17 கணக்குவாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன். கணக்கும் ஒப்புக்கொள்கிறது. 0.7 கிராம் தண்ணீர் நடுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளி நின்றால் சாய்க்கும் விசைக்கு 3.5 என்று வைப்போம். நிமிர்த்த வேண்டிய ஈயம் 2 கிராம், மையத்திலிருந்து 10 மி.மீ. கீழே: 20. ஆறில் ஒரு பங்கு. அசையாத தண்ணீரில் சுமார் 10 பாகை சாய்வு. வயிற்றுத் தூண்டிலும் கீழே தொங்கி நிமிர்த்துவதால் கொஞ்சம் குறையும். இழுக்கும்போதோ உடலோடு தகடும் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த தகட்டைத் தண்ணீர் ஒரு பக்கமாகத் தள்ள, சாய்வு மேலும் கூடுகிறது. அதனால்தான் வேகம் கூடினால் மல்லாந்துவிடுகிறது.

ஆனாலும் என் பழைய வாதத்தை விடப்போவதில்லை. ஈயம் 11 கிராம் இருந்திருந்தால் இந்த 3.5 ஒரு பொருட்டே இல்லை.

உப்புநீர் விஷயத்தில் பனிக்காலத்தார் சொன்னதே சரி. அவசரத்தில் எழுதிவிட்டேன்.

#18 உளியும்_தூண்டிலும்

சரி, மூன்றாவது கட்டை. தேக்கை மறந்துவிடுங்கள். அது ஜன்னலுக்கு நல்ல மரம்.

லேசான மரம் எது என்றால் பட்டியல் பெரிது. நான் கையால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கல்யாண முருங்கை நன்றாகக் காய்ந்தால் தக்கை மாதிரி. நான் நிறுத்த துண்டு 0.28. கத்திக்கு வெண்ணெய். ஆனால் மேல்தோல் மிக மென்மை, நகம் பட்டால் குழி விழும். பச்சையாக வெட்டினால் பூஞ்சை பிடித்துக் கருக்கும். வெட்டியதும் தோலைச் சீவி நிழலில் இரண்டு மாதம் காய வைக்க வேண்டும். தீக்குச்சிக்கு வெட்டும் பெருமரம் கொஞ்சம் கனம், ஆனால் சீராக இருக்கும். குமிழ் இன்னும் கனம், சின்ன லூருக்கு வேண்டாம். பெரிய பாறை மீனுக்கும் வஞ்சிரத்துக்கும் மூழ்கும் லூர் செய்ய அருமையான மரம்.

பால்சா என்ற மிக லேசான மரத்தைப் பற்றி ஒரு கதை. எங்கள் ஊரைச் சுற்றி முப்பந்தல் காற்றாலைகள். அந்த இறக்கைகளின் உள்ளே பால்சா வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய இரும்புக் கடையில் உடைந்த இறக்கைத் துண்டு ஒன்றைச் சுமந்து வந்தேன். உள்ளே உண்மையாகவே பால்சா! கட்டை தூக்கினால் காகிதம். ஒரே நாளில் ஆறு லூர் செதுக்கினேன். முதல் லூரைப் பாறையில் தட்டியதும் ரொட்டித் துண்டு மாதிரி இரண்டாக விண்டது. பிறகுதான் பார்த்தேன், அதில் நார் நீளவாக்கில் இல்லை. பலகையின் கனத்துக்குக் குறுக்கே நிற்கிறது. சின்னச் சின்னக் கட்டைகளை நிறுத்தி ஒட்டியிருக்கிறார்கள். நசுக்கும் பாரத்தைத் தாங்க அது சரி, லூருக்குக் குப்பை. மீதி ஐந்தையும் பேரனிடம் கொடுத்துவிட்டேன், படகு விடுகிறான்.

#19 வாவிக்கரை

கல்யாண முருங்கையைத்தான் நாங்கள் முள்முருக்கு என்கிறோம். யாழ்ப்பாணத்தில் வேலியில் நிற்கும், கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுவதும் அதில்தான். கன்னிக்கால் போட்ட மரத்தில் தூண்டில் செய்கிறாயா என்று அம்மா ஏசியது உண்டு. என் அனுபவத்தில் கொடுவாவுக்கு இதைவிட நல்ல மரம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: கம்பி உடல் முழுக்க ஓட வேண்டும். இந்த மரத்தில் திருகு வளையத்தை மட்டும் நம்பினால் மீன் வளையத்தைக் கழற்றிக்கொண்டு போகும்.

#20 பனிக்காலத் தூண்டில்

இங்கே வெள்ளை சிடார். அடர்த்தி கிட்டத்தட்ட உங்கள் முருங்கைக்குப் பக்கத்தில், ஆனால் அழுகாது, செதுக்கும்போது வீடே மணக்கும்.

பால்சா பேச்சு வந்ததால் ஒன்று. பின்லாந்தில் லௌரி ராப்பலா 1936இல் முதல் லூரைச் செதுக்கியது பால்சாவில் அல்ல, தக்கையில். கையில் இருந்தது செருப்புத் தைப்பவரின் கத்தி. மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாள். மேல்பூச்சுக்கு வார்னிஷ் வாங்க வழியில்லாமல் பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். அவர் கண்டுபிடித்தது மரத்தை அல்ல, ஆட்டத்தை. பெரிய மீன் கூட்டத்துக்குள் புகுந்தால் கொஞ்சம் தடுமாறி நீந்தும் மீனைத்தான் பிடிக்கிறது என்பதைப் படகில் இருந்தபடியே கவனித்திருக்கிறார். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் இதழில் அவருடைய லூரைப் பற்றிக் கட்டுரை வந்தது. அட்டையில் நடிகை மர்லின் மன்றோ. அவர் இறந்த மாதம் என்பதால் இதழ் வீடு வீடாகப் போனது. கூடவே லூரும் போனது.

தம்பி செய்யும் லூரும் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் தடுமாறுவதுதான் சிக்கல்.

#21 உளியும்_தூண்டிலும்

செய்முறைக்கு வருகிறேன். ஒரே பலகையிலிருந்து 9 மி.மீ. கனத்தில் அடுத்தடுத்து இரண்டு துண்டு வெட்டுங்கள். புத்தகத்தை மூடுகிற மாதிரி உள்முகத்தோடு உள்முகம் சேருங்கள். அப்படிச் செய்தால் இடப்பக்கம் எந்த மரமோ வலப்பக்கமும் அதே மரம். ஒன்று குடித்தாலும் இரண்டும் சமமாகக் குடிக்கும். ஒட்டும் முன் இரண்டு முகத்திலும் கத்தியால் கோடு கிழித்து, 1.2 மி.மீ. ஸ்டீல் கம்பியை மூக்கு வளையம், வயிற்று வளையம், வால் வளையம் என்று ஒரே கம்பியாக வளைத்து உள்ளே படுக்க வையுங்கள். ஈயத்துக்கான குழியையும் அப்போதே அடிவயிற்றில், ஒட்டுக்கோட்டின் மேலேயே குடையுங்கள். ஒட்டுக்கோடுதான் நடுக்கோடு. அளவுகோலே தேவையில்லை.

ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம். நிதானமாக இறுகுவதை வாங்குங்கள். கம்பியின் பக்கத்தில் காற்று தங்காமல் நிரம்பும்.

செதுக்கி, 120 உப்புத்தாள், பிறகு 240. தகட்டு வெட்டை இப்போதே போடுங்கள், சீலரும் வண்ணமும் ஏறும் முன். எல்லா வெட்டும் எல்லாத் துளையும் முடிந்த பிறகுதான் மரத்தை மூட வேண்டும். நான் மெல்லிய உடனடிப் பசையை வெட்டின் உள்ளேயும் மூக்கிலும் வாலிலும் விடுவேன். நார் முனை அங்கேதான் இருக்கிறது. பசை உறிஞ்சி உறிஞ்சி, இனி வேண்டாம் என்று மேலே நிற்கும்வரை விட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், புகை கண்ணைப் பிடுங்கும். பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் தச்சர் சீலரில் மூன்று முறை முக்கல்.

வண்ணம் அடிக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் அழுத்தி வையுங்கள். காலையில் எடை கூடியிருந்தால் மறுபடி சீலர். கூடவில்லையென்றால் வண்ணம்.

#22 புன்னைக்காயல்_காற்று

ஈயத்தை உருக்கி ஊற்றலாமா, துண்டாக வைக்கலாமா?

#23 வாவிக்கரை

ஊற்றாதே தம்பி. மரத்தில் துளி ஈரம் இருந்தாலும் கொதிக்கும் ஈயம் பட்டதும் அது நீராவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். என் இடது புருவத்தில் முடி இல்லாத ஒரு பொட்டு இருக்கிறது, அது அப்படி வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலையில் கோக்கும் ஈயக்குண்டை வாங்கிச் சுத்தியலால் தட்டி, குழிக்கு ஏற்ப நறுக்கி, எபாக்ஸியில் பதித்தால் போதும். கை கழுவாமல் சாப்பிட உட்காராதே.

#24 பனிக்காலத் தூண்டில்

இங்கே தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு 1997 முதல் தடை. லூன் என்ற நீர்ப்பறவை அதை விழுங்கிச் செத்துப்போகிறது. அதனால் பலர் பித்தளைக்கும் டங்ஸ்டனுக்கும் மாறிவிட்டோம். டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம், குழி சிறிது போதும். விலைதான் கண்ணைக் கட்டும்.

11 கிராமையும் எங்கே வைப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். எல்லாவற்றையும் நடுவில், வயிற்று வளையத்துக்குச் சற்று முன்னால் குவித்தால் ஆட்டம் துள்ளும். மூக்குக்கும் வாலுக்கும் பிரித்து வைத்தால் சோம்பலாக அசையும். வாலுக்குக் கொஞ்சம் தள்ளினால் வீச்சு நேராகப் போகும், காற்றில் கரணம் அடிக்காது. நான் முக்கால் பங்கை நடுவில் பதித்துவிட்டு, மீதியைத் தூண்டில், வளையம், தகடு எல்லாம் மாட்டிய பிறகு வாளியில் வைத்து முடிவு செய்வேன். ஈயத்தைக் களிமண்ணால் வயிற்றில் ஒட்டி ஒட்டி இடம் மாற்றிப் பார்த்து, பிடித்த இடத்தில் குழி போடுவேன். தூண்டில் இல்லாமல் வாளியில் பார்ப்பது செருப்பில்லாமல் அளவெடுத்துக் கால்சட்டை தைப்பது மாதிரி.

#25 சோம்பேறி_மீனவன்

செருப்புக்கும் கால்சட்டைக்கும் என்ன தொடர்பு?

#26 பனிக்காலத் தூண்டில்

நீளம் ஐயா, நீளம்.

#27 கணக்குவாத்தியார்

முழு 11 கிராமையும் வைக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்ல வந்தேன். நிமிர்த்தும் விசை மிஞ்சினால் லூர் கம்பம் மாதிரி நேராக வரும், ஆட்டம் செத்துவிடும். 7 அல்லது 8இல் தொடங்குங்கள். பிறகு கூட்டலாம், எடுப்பதுதான் கடினம்.

#28 நெறியாளர்

கால்சட்டை விவாதம் இத்துடன் போதும். ஈயம் உருக்குவது பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, செய்பவர்கள் அங்கே உள்ள எச்சரிக்கைகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

#29 புன்னைக்காயல்_காற்று

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். கல்யாண முருங்கை பக்கத்து வீட்டு வேலியிலிருந்து. காய வைப்பதற்கே ஏழு வாரம் ஆனது.

உளி அண்ணா சொன்ன இரவுச் சோதனையில் முதல் தடவை 0.4 கிராம் கூடியது. வெட்டின் உள்மூலையில் பசை எட்டவில்லை. ஊசிமுனையால் விட்டு, மறுபடி சீலர், மறுபடி ஒரு இரவு. மாற்றமில்லை.

எபாக்ஸியில் ஒரு தடுமாற்றம். கடற்கரை ஈரக்காற்றில் இரவில் பூசினேன். காலையில் மேலே எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பிசுக்கு. அதன்மேலேயே இரண்டாவது பூச்சுப் பூசியிருந்தால் உரிந்திருக்கும் என்று இங்கே பழைய பதிவில் படித்திருந்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, 400 தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு அடுத்ததைப் பூசினேன். வழியாமல் இருக்க, கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டாரில் கட்டிச் சுற்றவிட்டேன். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு கோழி வாட்டுகிறாயா என்றார்கள்.

ஈயம் 7.5. மொத்தம் 25.2 கிராம். தகடு இந்த முறை ஹெல்மெட் முகக்கண்ணாடியில் வெட்டியது.

நேற்று காலை ஐந்தரைக்குப் போய் எட்டு மணி வரை வீசினேன். சாயவில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தேன்: 25.3. வளையத்தில் தங்கிய ஈரமாகவே இருக்கும்.

கொடுவா வரவில்லை. ஏழு மணி வாக்கில் சீலா மீன் ஒன்று அடித்தது, முழங்கை நீளம். எடுத்துக் கழற்றும்போது பார்க்கிறேன், முதுகில் நான்கு பல் தடம். எபாக்ஸி, வண்ணம், சீலர் எல்லாவற்றையும் துளைத்து மரம் வரை இறங்கியிருக்கிறது. ஒன்றில் வெள்ளை மரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதோடுதான் இன்னும் ஒரு மணி நேரம் வீசினேன். வீட்டுக்கு வந்து மறுபடி சீலரிலிருந்து தொடங்க வேண்டுமா?

#30 உளியும்_தூண்டிலும்

வேண்டாம். சட்டைப்பையில் உடனடிப் பசைக் குழாய் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைக் கரையிலேயே துணியால் ஒற்றி, வாயால் ஊதிக் காயவைத்து, தடத்துக்கு ஒரு சொட்டு. ஐந்து நிமிடம் தேநீர் குடியுங்கள். மறுபடி வீசலாம்.

#31 சோம்பேறி_மீனவன்

அந்தப் பக்கத்து வீட்டு வேலியில் இன்னும் முருங்கை மிச்சம் இருக்கிறதா?

#32 புன்னைக்காயல்_காற்று

இருக்கிறது அண்ணா. கையளவு கனத்தில் இரண்டு கிளை. தோலைச் சீவி நிழலில் போட்டுவிட்டேன், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.